துணி அலசும் அப்பாக்கள் வேண்டும்

அரியமங்கலத்தில் கைக்குழந்தை உள்ள வீடுகளில், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஜன்னலைத் திறப்பார்கள். தஞ்சாவூர் நெடுஞ்சாலையை ஒட்டி ஏறக்குறைய 47 ஏக்கரில் கிடக்கும் மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் இது. திருவரங்கம் முதல் பொன்மலை வரை, திருச்சி நகரம் பல பத்தாண்டுகளாக வேண்டாம் என்று கழித்ததெல்லாம் இங்கேதான் வந்து சேர்ந்தது.

கோடை வந்தால் கிடங்கு பற்றிக்கொள்ளும். சோறும் காய்கறிக் கழிவும் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து காற்றுப் புகாமல் அடியில் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகிறது. அதற்குமேல் ஒரு பொறி போதும். தீயணைப்பு வண்டிகள் மேலே தண்ணீரைப் பீய்ச்சி அணைத்தாலும், அடியில் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அப்போது வரும் புகை காமராஜ் நகர், அம்பிகாபுரம், காட்டூர் என்று காற்று போகும் பக்கமெல்லாம் போகும். பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சு விடுகிறது. பெரியவர்கள் 12 முதல் 20 முறைதான். உடல் எடையோடு ஒப்பிட்டால், ஒரே புகையில் நம்மைவிட அதிகமாக உள்ளே இழுப்பது குழந்தைதான்.

கிடங்கைச் சும்மா விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. சீர்மிகு நகரத் திட்டத்தில் ‘பயோமைனிங்’ முறை வந்தது. பழைய குப்பையைக் கிளறி, உலரவைத்து, சுழலும் பெரிய சல்லடைகளில் சலித்து, மண்ணைத் தனியாகவும் கல்லைத் தனியாகவும் பிரிக்கிறார்கள். எரியக்கூடிய பிளாஸ்டிக், துணி போன்றவை சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகின்றன. வார்டுகளில் நுண் உர மையங்கள் வந்து, மக்கும் குப்பை அங்கேயே உரமாகிறது. இவ்வளவுக்குப் பிறகும் நகரத்தில் நாள்தோறும் 400 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. பழையதை ஒரு பக்கம் சலிக்கச் சலிக்க, புதியதை மறுபக்கம் நாம் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

எனக்கு மகள் பிறந்து ஏழு மாதம் ஆகிறது. குழந்தை வந்த வீட்டில் குப்பைக்கூடை முன்பைவிட வேகமாக நிறைகிறது. பால்பவுடர் டப்பா, ஈரத் துடைப்பான், தைலப் புட்டி, பொம்மையைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் தாள் என்று என்னென்னவோ அதில் விழுந்தாலும், அதிக இடத்தை அடைப்பது டயபர்தான். ஒரு வீட்டின் குப்பைக்கும் ஊரின் கிடங்குக்கும் இடையே அப்பா என்ற ஆள் நிற்க வேண்டும். அவர் நின்றால் கிடங்குக்குப் போவது குறையும். அதைவிட முக்கியமாக, வீட்டில் அம்மாவின் பாரமும் குறையும். இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசாமல் பசுமை வாழ்க்கையைப் பற்றி எத்தனை அறிவுரை சொன்னாலும் பயனில்லை.

வெள்ளையாக இருப்பதெல்லாம் பஞ்சு அல்ல

டயபரைத் தொட்டுப் பார்த்தால் பஞ்சு போலிருக்கும். உண்மையில் அதன் வெளித்தோல் பாலிஎத்திலீன். குழந்தையின் தோலில் படும் மெல்லிய உள்துணி பாலிபுரொப்பிலீன். நடுவில் மரக்கூழும், ‘சோடியம் பாலிஅக்ரிலேட்’ என்ற உறிஞ்சும் துகள்களும் இருக்கின்றன. அந்தத் துகள்கள் நீரை இழுத்துக் கூழாக உப்பிக்கொள்வதால்தான் குழந்தை இரவெல்லாம் நனையாமல் தூங்குகிறது. மரக்கூழைத் தவிர மற்றவை மண்ணில் மக்கும் பொருள்கள் அல்ல. காலப்போக்கில் நுண்துகள்களாக உடைந்து மண்ணோடும் தண்ணீரோடும் கலந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஆண்டில் நாளுக்கு ஆறு, அடுத்த ஆண்டில் நாளுக்கு நான்கு என்று வைத்தால், இரண்டாவது பிறந்தநாளுக்குள் ஒரு குழந்தைக்கு 3,650 டயபர்கள் ஆகின்றன. ஒரு தெருவில் பத்துக் குழந்தைகள் இருந்தால் 36,500.

அதை யார் கையில் கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். காலையில் பேட்டரி வண்டி தெருமுனையில் வந்து நிற்கும். தூய்மைப் பணியாளர் நம் வாளியை வாங்கிக் கவிழ்த்து, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் கையாலேயே பிரிப்பார். கட்டி வைத்த கேரிபேக்கை அவிழ்த்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மலம் அப்பிய டயபரை விரித்தபடியே போட்டு வைத்திருப்பார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை இரண்டு விரலால் எடுத்துத் தனிச் சாக்கில் போடுவார். நம் குழந்தையின் மலத்தை நாம் தொடத் தயங்கி, முன்பின் தெரியாத ஒருவரைத் தொட வைக்கிறோம். சாதியின் பெயரால் ஒரு பிரிவினரிடம் கழிவு அள்ளும் வேலையைத் தள்ளிவிட்ட நாட்டில் இதைச் சின்ன விஷயம் என்று கடந்துபோக முடியாது.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதை ஏற்கெனவே பேசியிருக்கின்றன. நாப்கின், டயபர் போன்றவற்றைத் தயாரிப்பவர்கள், அப்புறப்படுத்துவதற்கான உறையைப் பாக்கெட்டோடு சேர்த்துத் தர வேண்டும் என்று அவை கூறின. வீட்டில் உள்ளவர்கள் அதில் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்றும் கூறின. புனேயில் குப்பை சேகரிக்கும் பெண்களின் ‘ஸ்வச்’ கூட்டுறவு அமைப்பு, 2013-இல் பயன்படுத்திய நாப்கின்களை மூட்டை கட்டி அவற்றைத் தயாரித்த நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பியது. ‘இதை எங்கள் கையால் பிரிக்க வைக்காதீர்கள்’ என்பதைச் சொல்ல அந்தப் பெண்களுக்கு வேறு வழி தெரியவில்லை. சிவப்புப் புள்ளி வைத்த காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள் என்று அவர்கள் வீடு வீடாகக் கேட்டுக்கொண்ட பழக்கத்தை நாமும் நாளையே தொடங்கலாம். பழைய நாளிதழும் ஒரு சிவப்புப் பேனாவும் இல்லாத வீடு எது?

துணி நல்லதுதான், அலசுவது யார்?

டயபருக்கு மாற்று நம் பரண்மேல் இருக்கிறது. தாத்தாவின் பழைய வேட்டியும் அம்மாச்சியின் நைந்த சுங்குடிப் புடவையும்தான் பல தலைமுறைகளாகக் குழந்தைகளின் இடுப்பில் முக்கோணமாக மடித்துக் கட்டப்பட்டன. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல், பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழைய துணியில் சுற்றும் வழக்கம் இன்றும் நம்மிடம் உண்டு. கஞ்சியும் சாயமும் போய்விட்ட துணி, குழந்தையின் தோலை உறுத்தாது.

துணி உண்மையிலேயே சூழலுக்கு நல்லதா என்று வெளிநாடுகளில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சங்கடமான முடிவு வந்தது. இரண்டரை ஆண்டுகளுக்கு டயபர் போட்டால் உண்டாகும் கரியமில வாயுவின் அளவு ஏறக்குறைய 550 கிலோ. துணி கட்டினால் 570 கிலோ. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். காரணம் துவைக்கும் முறை. வெந்நீரில் இயந்திரத்தில் துவைத்து, இயந்திரத்திலேயே உலர்த்தினால் மின்சாரம் செலவாகிறது. அதே ஆய்வு மற்றொன்றையும் சொன்னது: துணிகளை மொத்தமாகச் சேர்த்துத் துவைத்து, கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் அதையே பயன்படுத்தினால் பாதிப்பு 40 விழுக்காடு அளவுக்குக் குறைந்துவிடும்.

திருச்சி வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சித்திரையில் பத்து மணிக்குக் கொடியில் போட்ட துணியை, பதினொரு மணிக்கு மடித்து வைக்கலாம். பெரும்பாலான வீடுகளில் பச்சைத் தண்ணீரில் கையால்தான் அலசுகிறோம். அக்காவின் பிள்ளைக்குக் கட்டிய துணி தங்கையின் பிள்ளைக்கு வருவதும் நமக்குப் புதிதல்ல. அந்த ஆய்வு கேட்ட நிபந்தனைகள் எல்லாம் இங்கே தாமாகவே நிறைவேறுகின்றன. மின்சாரம் செலவில்லை, பிளாஸ்டிக் செலவில்லை. செலவாவது ஒருவருடைய கையும் இடுப்பும் தூக்கமும்தான். அந்த ஒருவர் யார்?

பதில் எல்லாருக்கும் தெரியும். ‘பீயும் மூத்திரமும் அள்ளி வளர்த்தேன்’ என்பது நம் ஊரில் அம்மாக்கள் சொல்லும் வார்த்தை. கோபத்திலும் சொல்வார்கள், கண்ணீரிலும் சொல்வார்கள். அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை எத்தனை அப்பாக்களுக்கு இருக்கிறது? ‘ராத்திரி பகலா உழைச்சு வளர்த்தேன்’ என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த உழைப்பில் வாளியும் பீத்துணியும் வருவதில்லை.

ஒன்றிய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் இதையே சொல்கிறது. 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 விழுக்காட்டினர் குழந்தைகளையும் வீட்டாரையும் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 21.4 விழுக்காட்டினர். அந்த வேலையைச் செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு 140 நிமிடம் செலவிட, ஆண்கள் 74 நிமிடம் செலவிடுகிறார்கள். இந்த நிலையில் ‘டயபர் வேண்டாம், துணியே கட்டலாம்’ என்று ஓர் ஆண் முடிவெடுத்தால், அவருடைய கொள்கைக்கு அவருடைய மனைவி கூலியில்லாமல் உழைக்கிறார் என்றுதான் பொருள். பிரசவத் தையல் ஆறாத உடம்போடு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுத்துக்கொண்டு, நடுவில் குந்தி உட்கார்ந்து துணி அலசும் பெண்ணிடம் பூமியைக் காப்பாற்றச் சொல்வது அநியாயம். டயபர் வாங்கும் அம்மாவைக் குறை சொல்ல யாருக்கும் அருகதை கிடையாது. அலசாத அப்பாவுக்கு அறவே கிடையாது.

மாப்பிள்ளை முறுக்கும் தாய்வீட்டுப் பிரசவமும்

அப்பாக்கள் ஒதுங்கி நிற்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. ஒதுக்கி வைக்கும் வழக்கமும் இருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். வளைகாப்பு முடிந்து பெண் கிளம்பினால், குழந்தையோடு திரும்பி வர மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆகும். அதுவரை அப்பா ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போவார். குளிப்பாட்டி, சாந்துப் பொட்டு வைத்து, துணி மாற்றிய குழந்தையை ஐந்து நிமிடம் மடியில் வைத்திருப்பார். அழுதால் உடனே யாராவது வாங்கிக்கொள்வார்கள். குழந்தை மூன்று மாதத்தில் கற்றுத்தரும் பாடம் அத்தனையும் அவருக்குக் கிடைக்காமல் போய்விடும். பிறகு குழந்தை வீட்டுக்கு வரும்போது, கை நடுங்குகிற ஆளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

லால்குடியில் என் மாமியார் வீட்டில் முதல் முறை கிணற்றடிக்குத் துணி வாளியை எடுத்துக்கொண்டு போனபோது, அத்தை பதறி ஓடிவந்தார். “ஐயோ மாப்ள, நீங்க வைங்க. பக்கத்து வீட்டுல பார்த்தா எங்களத்தான் பேசுவாங்க” என்றார். அவர் பயந்தது நியாயம்தான். மருமகனைப் பீத்துணி அலச விட்ட வீடு என்று பெயர் வந்துவிடும். “உங்க பேத்தி துணிதானே அத்தை” என்று சொல்லி அலசி முடித்தேன். அடுத்த வாரம் போனபோது வாளி கிணற்றடியிலேயே இருந்தது. சோப்பை எடுத்து என் கையில் கொடுத்தவரும் அவர்தான். வழக்கம் என்று நாம் பயப்படும் பல விஷயங்கள் இப்படி ஒரு வாரத்தில் மாறக்கூடியவை.

இந்த ஊரில் இதைச் சொல்வதற்கு ஒரு தனி உரிமையும் உண்டு. மலைக்கோட்டையில் குடிகொண்டிருக்கும் தாயுமானவரின் கதை திருச்சியில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். இரத்தினாவதி என்ற பெண் நிறைமாதக் கர்ப்பிணி. பூம்புகாரிலிருந்து கிளம்பிய தாயார் காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே தங்கிவிடுகிறார். வலி எடுத்துவிடுகிறது. சிவபெருமான் அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்க்கிறார். பார்த்ததும் போய்விடவில்லை. வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேரும்வரை கூடவே இருந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்கிறார். இன்றும் சுகப்பிரசவம் வேண்டிக்கொண்டவர்கள் அந்தச் சந்நிதியில் வாழைத்தார் வைத்து வழிபடுகிறார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் தங்கிப் பணிவிடை செய்வது தெய்வத்துக்கே இழுக்கில்லை என்று நம்பும் ஊரில், ஓர் ஆண் தன் மகளின் துணியை அலசினால் எந்தக் கௌரவம் குறைந்துவிடும்?

எப்படிச் செய்வது?

வேலை பெரிதல்ல, ஒழுங்குதான் வேண்டும். மலம் பட்ட துணியை உடனே எடுத்து, மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட வேண்டும். டயபரிலும் அதைச் செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. துணியைக் குழாய்த் தண்ணீரில் ஒருமுறை அலசி, மூடியுள்ள வாளியில் போட்டு வைக்கலாம். சிறுநீர்த் துணிக்குத் தனி வாளி. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வாசனை அதிகமில்லாத சோப்புப் போட்டுக் கசக்கி, சோப்பு முழுவதும் போகும்வரை அலச வேண்டும். சோப்பு தங்கினால் குழந்தைக்குத் தடிப்பு வரும். வாரத்துக்கு ஒருநாள் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, நல்ல வெயிலில் காயவைத்தால் போதும். கடைசியாக அலசிய தண்ணீர் செடிக்கோ கழிப்பறைக்கோ ஆகும். குடிக்கக் காவிரித் தண்ணீர் வரும் ஊர் என்பதற்காகக் குழாயைத் திறந்துவிட்டு அலசக் கூடாது.

துணி என்றால் நனைந்தவுடன் மாற்ற வேண்டும். இரவில் அதற்கு எழுந்திருப்பது அப்பாவின் பொறுப்பாக இருக்கட்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாலை அம்மாதான் கொடுக்க முடியும். பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்வது, துணி மாற்றுவது, தூளியை ஆட்டுவது எல்லாம் யாரும் செய்யலாம். அம்மா நன்றாகத் தூங்கினால் பால் கொடுப்பதும் எளிதாகும். அந்தத் தூக்கத்தை அப்பா காப்பாற்றிக் கொடுத்தால், பால்பவுடர் டப்பாவும் பாட்டிலும் தேவைப்படாத வீடுகள் கூடும். பால்பவுடருக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அசதியில் இருக்கும் தாய்க்கு, பக்கத்தில் யாரும் இல்லை என்பதே பெரிய விளம்பரம்.

இதில் வைராக்கியம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி காயாது. வெளியூர்ப் பயணத்திலும், மருத்துவமனை வரிசையிலும், குழந்தைக்கு உடம்பு சரியில்லாத இரவிலும் டயபர் பெரிய உதவிதான். மாடி இல்லாத, கொடி கட்ட இடமில்லாத, ஒரு குடம் தண்ணீருக்குக் காத்திருக்கும் வாடகை வீடுகளும் இதே அரியமங்கலத்தில் உண்டு. கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்ற வீடுகளும் உண்டு. முடிந்தவர்கள் பகலில் துணி, இரவில் ஒரு டயபர் என்று வைத்துக்கொண்டாலே, கிடங்குக்குப் போவதில் பெரும்பகுதி நின்றுவிடும். முழுமையாகச் செய்ய முடியாது என்பதற்காகச் செய்யக்கூடியதை விட்டுவிடக் கூடாது.

துணி வழியில் இதே நகரம் முன்பே நடந்தும் காட்டியிருக்கிறது. 1987-இல் திருச்சியில் தொடங்கிய ‘கிராமாலயா’ தொண்டு நிறுவனம், மாதவிடாய்க்குத் துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கினைப் பெண்களிடம் கொண்டு சேர்த்தது. வெட்கப்பட்டு மறைத்து உலர்த்திய துணியை வெயிலில் உலர்த்தச் சொல்லிக் கற்றுக்கொடுப்பதே அதில் முதல் பாடம். அதன் நிறுவனர் தாமோதரனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பெண்கள் தங்கள் உடலைப் பற்றிய வெட்கத்தையே கடந்து இதைச் செய்திருக்கும்போது, ஆண்கள் கடக்கவேண்டிய வெட்கம் மிகச் சிறியது.

துணியோடு முடிவதல்ல

வாளியைக் கையில் எடுத்த அப்பா, மற்றவற்றையும் தானாகவே கவனிக்கத் தொடங்குவார். ஏழாம் மாதம் சோறூட்டத் தொடங்கும்போது, டப்பாவில் வரும் மாவைவிடக் காந்தி மார்க்கெட்டில் வாங்கிய கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, அரைத்துக் காய்ச்சும் கூழ் மலிவானது, குப்பையும் தராதது. நேந்திரம்பழமும் பருப்பும் கீரையும் எங்கும் கிடைக்கின்றன. குழந்தைக்குத் தனிச் சமையல் என்றால் அது மறுபடியும் அம்மாவின் தலையில் விழும். முளைகட்டுவதும் அரைத்து வருவதும் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை வேலையாகட்டும்.

உடுப்பும் பொம்மையும் உறவுக்குள் சுற்றி வரட்டும். ஆறு வாரத்தில் சிறுத்துப்போகும் சட்டைக்கு ஆயிரம் ரூபாய் கொடுப்பதைவிட, பெரியம்மா பிள்ளை போட்ட சட்டை எவ்வளவோ மேல். குளித்த குழந்தைக்குச் சாம்பிராணி போடும் வழக்கத்தையும் யோசிக்க வேண்டும். வெளிப்புகையைப் பற்றி மாநகராட்சியிடம் மனுக் கொடுக்கும் நாம், உள்ளே நாமே புகை போட்டால் பிஞ்சு நுரையீரலுக்கு இரண்டும் ஒன்றுதான். தலையை நன்றாகத் துவட்டினாலே ஈரம் போய்விடும்.

பெரிய குப்பை சேர்வது விசேஷ நாளில்தான். பெயர் சூட்டல், காதுகுத்து, முதல் பிறந்தநாள் என்று வரிசையாக வரும். தெருமுனையில் ஃபிளெக்ஸ், மேடையில் தெர்மோகோல், பலூன், பந்தியில் பிளாஸ்டிக் தாள் விரித்த தட்டு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. வாழை ஆராய்ச்சிக்கென்றே தேசிய மையம் அமைந்த நகரம் இது. இங்கே இலைக்கா பஞ்சம்? இலையில் பரிமாறி, சில்வர் தம்ளரில் தண்ணீர் கொடுத்து, மஞ்சப்பையில் தாம்பூலம் கொடுத்தால் விருந்தில் எந்தக் குறையும் வராது. விசேஷத்தின் செலவுப் பட்டியலை எழுதுவது பெரும்பாலும் அப்பாக்கள்தான். அந்தப் பட்டியலிலிருந்து ஃபிளெக்ஸை அடிக்க அவர்களால் முடியும்.

அரசும் நகரமும் செய்ய வேண்டியவை

வீட்டுக்குள் நாம் எவ்வளவு செய்தாலும், வெளியில் செய்யவேண்டியவற்றை அரசுதான் செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பிரசவிக்கும் தாய்மார்களுக்கு 16 பொருள்கள் அடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் வழங்கும் திட்டத்தை 2015-இல் தொடங்கிய மாநிலம் இது. அந்தப் பெட்டகத்தில், மாற்றி மாற்றிக் கட்டப் போதுமான அளவுக்குப் பருத்தித் துணி நாப்பிகளைச் சேர்க்க வேண்டும். கைத்தறியில் நெய்து மகளிர் குழுக்களிடம் தைத்து வாங்கினால் அவர்களுக்கும் வேலை கிடைக்கும். பெட்டகத்தைத் தாயிடம் கொடுக்கும்போது, துணி கட்டவும் அலசவும் தந்தைக்குக் கற்றுக்கொடுக்கட்டும். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டுக்கு வெளியே நாள் முழுவதும் காத்துக்கிடக்கும் இளம் அப்பாக்களிடம் செவிலியர் ஒருவர் அரை மணி நேரம் பேசினால் போதும்.

விடுப்பும் வேண்டும். தமிழ்நாட்டில் அரசு ஊழியரான தாய்க்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு இருக்கிறது. ஒன்றிய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் வேலையில் இருக்கும் தந்தைக்கு அப்படி விடுப்புக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. திருவெறும்பூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் வெல்டிங் பிடிப்பவருக்கும், பால்பண்ணையில் லாரி ஓட்டுபவருக்கும், கடையில் நிற்பவருக்கும் குழந்தை பிறந்தால் கூலியோடு சில நாள் வேண்டாமா? அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே, அவருக்கு நேரம் கொடுக்காமல் இருப்பது சரியில்லை.

மாநகராட்சி டயபரையும் நாப்கினையும் தனிச் சாக்கில் வாங்க வேண்டும். பணியாளருக்குத் தடித்த கையுறை கொடுப்பதோடு, அவர் அதைப் போட்டு வேலை செய்ய வசதியான நேரமும் கொடுக்க வேண்டும். விதி சொல்லும் உறையைத் தராத நிறுவனங்களிடம் கேள்வி கேட்கட்டும். அரியமங்கலம் கிடங்கில் பழைய குப்பை முற்றிலும் அகற்றப்பட்டு, மீண்டும் புதிய குப்பை கொட்டப்படாது என்ற உறுதி வேண்டும். தில்லை நகரின் குப்பைக்கும் திருவரங்கத்தின் குப்பைக்கும் அரியமங்கலத்துப் பிள்ளைகளின் நுரையீரல் விலையாகக் கூடாது. கொடுங்கையூர், பெருங்குடி, வெள்ளலூர் என்று எந்த நகரத்தின் கிடங்கை எடுத்தாலும், எல்லாருடைய குப்பையும் சில பேருடைய வாசலில்தான் போய் விழுகிறது. ஒவ்வொரு பகுதியும் தன் குப்பையைத் தானே கையாளும் முறையே இதற்கு நியாயமான தீர்வு.

அரசு இதையெல்லாம் செய்வதற்கு ஆண்டுகள் ஆகலாம். குழந்தை அதுவரை வளராமல் காத்திருக்காது. டயபர் வயது இரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும். அதற்குள் அப்பா எடுத்துக்கொண்ட பங்கை அந்தக் குழந்தை வாழ்நாள் முழுவதும் ‘வீட்டு வேலை இப்படித்தான் நடக்கும்’ என்று எடுத்துக்கொள்ளும். துணி அலசும் அப்பாவைப் பார்த்து வளரும் மகன், நாளை தன் மனைவியிடம் வாளியை நீட்ட மாட்டான். மகளும் அந்த வாளி தனக்கு மட்டும்தான் என்று நினைக்க மாட்டாள்.

புதிதாக அப்பாவாகியிருக்கும் தம்பிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். இந்த வாரம் உங்கள் வீட்டில் குழந்தையின் துணியை யார் அலசினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் இல்லை என்றால், நாளைக் காலை வேலைக்குக் கிளம்புமுன் அந்த வாளியை நீங்கள் எடுங்கள். யாரும் பாராட்ட வேண்டியதில்லை. அது உங்கள் பிள்ளை.